நான்காம் அரங்கில் இருபது நிமிடம்

மார்ச் 4, செவ்வாய்

ஏழு மாதம் மூடிக் கிடந்த ஆறு அரங்க வளாகம் போன வெள்ளிக்கிழமை திறந்தது. இன்று மதியம் போனேன். முகப்பில் இருந்த சிமென்ட் சுவர் போய், தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி வந்திருக்கிறது. வெயில் தெரியாமல் இருக்க அதற்கு மெல்லிய கறுப்புப் படலம். உள்ளே கம்பளம் ஒட்டிய பசை வாடை இன்னும் போகவில்லை.

மேலாளர் கையைப் பிடிக்காத குறையாக எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். சாய்வு இருக்கையில் உட்காரவைத்துப் பொத்தானை அழுத்தினார். கால் தானாக மேலே போனது. "எழுந்திருக்க மனசே வராது சார்." கழிப்பறையில்கூட இசை கேட்கிறது. திரையைப் பற்றி மட்டும் அவராக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கேட்டதற்கு, "அது பழைய திரைதான் சார். நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

நான்காம் அரங்கில் 2.30 காட்சி. நடு வரிசை, நடு இருக்கை. கொலை விசாரணைப் படம், பாதி இருட்டு அறைகளில் நடக்கிறது. அதிகாரி கதவருகே நிற்கும் ஆளிடம் பேசுகிறார். கதவருகே ஆள் நிற்கிறாரா என்பதே எனக்குத் தெரியவில்லை. பகல் காட்சியில் நாயகனின் வெள்ளைச் சட்டை மூன்று நாள் துவைக்காத சட்டை போல இருந்தது. ஒளி அளக்கும் மீட்டர் பையில்தான் இருந்தது, பேட்டரி தீர்ந்திருந்தது. பரவாயில்லை. முப்பத்தொரு வருடம் திரையைப் பார்த்த கண்.

கடைசிப் பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் மங்கலாக இன்னொரு எழுத்து. மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டும்.

படம் முடிந்தது 4.50. கீழே ஒரு டீ. மேலாளரிடம் சொல்லிவிட்டு மாடியில் இருக்கும் புரொஜெக்டர் அறைக்குப் போனேன். மணி 5.10. கதவு திறந்திருந்தது, உள்ளே யாரும் இல்லை. நான்காம் அரங்கின் மெஷினில் லென்சுக்கு முன்னால் த்ரீடி பிளேட் மாட்டியிருந்தது. த்ரீடி படத்துக்கு மட்டும் மாட்டும் கறுத்த தகடு அது. வெளிச்சத்தில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். சாதாரணப் படத்துக்குக் கழற்றிவிட வேண்டும். கழற்ற மறந்துபோகிற அரங்குகள் பற்றி நான் ஏற்கெனவே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். காரணம் கண்ணெதிரே இருந்தது.

ஆபரேட்டர் அம்மா சாவிக்கொத்தோடு ஓடிவந்தார். நாற்பது வயதிருக்கும். ஆறு அரங்குக்கும் அவர் ஒருவர்தான். "யாரு சார்? என்ன வேணும்?" பத்திரிகை என்றேன். "பாத்துட்டுப் போங்க சார், எனக்கு மூணாவதுல ஷோ போடணும்" என்று திரும்பி ஓடினார்.

கேட்க எதுவும் இல்லை. பார்த்தாயிற்று.

மார்ச் 7, வெள்ளி

சினிமாப் பக்கத்தில் மூன்று பத்தி வந்திருக்கிறது. "புது இருக்கை, பழைய இருட்டு." கடைசிப் பத்தியில் நான் எழுதிய வரி: "த்ரீடி தகட்டைக் கழற்றாமலே சாதாரணப் படத்தை ஓட்டிய ஆபரேட்டரின் அலட்சியம், ஏழு மாதப் புதுப்பிப்பை ஒரே நாளில் வீணாக்கியிருக்கிறது."

ஆசிரியர் கூப்பிட்டு, "சூடா இருக்கு சார்" என்றார். இவருடைய அப்பாவும் இதே நாற்காலியில் இருந்தவர். அலுவலகத்தில் இவரை இன்னும் சின்னவர் என்றுதான் சொல்கிறோம். சின்னவருக்கு நாற்பத்தாறு வயது.

மார்ச் 9, ஞாயிறு

மத்தியானம் பேப்பர் படிக்க டியூப்லைட் போட்டேன்.

"பட்டப்பகல்ல எதுக்குங்க லைட்டு?" என்றாள் மனைவி.

"இந்த ஹாலே இருட்டு."

"போன வருஷம் பெயிண்டரைப் பிடிச்சு, வெள்ளை அடிக்கச் சொன்னா சந்தன கலர் அடிச்சிட்டான்னு கத்தினீங்க. இப்ப ஹால் இருட்டு. நாளைக்குச் சூரியன் மேல புகார் எழுதுவீங்க. போய்க் கண்ணைக் காட்டுங்க."

இவள் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடமாக மைக்ரோஸ்கோப்பில் ரத்தம் பார்க்கிறவள். மற்றவர்கள் பார்வை மேல் இவளுக்கு எப்போதும் ஒரு சந்தேகம். தொழில் அப்படி.

மார்ச் 12, புதன்

மேலாளர் போன் செய்தார். "நன்றி சார், கண்ணைத் திறந்துவிட்டீங்க. அந்தம்மாவை நேத்தே அனுப்பியாச்சு."

நான் கேட்டது நல்ல வெளிச்சம். யாரையும் அனுப்பச் சொல்லவில்லை. ஆனால், "அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டதோடு நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 14, வெள்ளி

ஆபரேட்டர் அம்மா அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. வரவேற்பறை பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் எதிரே உட்கார்ந்ததும் கேட்டார்:

"நீங்க மேல ரூமுக்கு வந்தப்ப மணி என்ன சார்?"

குறிப்பேட்டை எடுத்தேன். "அஞ்சு பத்து."

"படம் எப்ப விட்டுது?"

"நாலு அம்பது."

"அந்த இருபது நிமிஷம் நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு நெனச்சீங்க?"

குறிப்பேட்டை மூடினேன். அவரே சொன்னார். "அடுத்த ஷோ குழந்தைங்க படம். த்ரீடி. அஞ்சரைக்கு. நாலு அம்பதுக்கு உங்க படம் முடிஞ்சுது, அஞ்சு மணிக்கு பிளேட் மாட்டினேன், மூணாம் நம்பர் கதவைத் திறக்க ஓடினேன். நீங்க வந்தீங்க. ஒரு வார்த்தை — 'ஏம்மா, இது எப்ப மாட்டினது?' கேட்டிருக்கலாமே சார்."

கேட்டிருக்கலாம்.

"ஆனா படம் மங்கலா இருந்துச்சே?" என்றேன்.

"மங்கல்தான்! எனக்குத் தெரியாதா?" முதல் தடவையாகக் கோபம் வந்தது. "சார், மெஷினுக்கும் தியேட்டருக்கும் நடுவுல ஒரு ஜன்னல் இருக்கும், அது வழியாத்தான் படம் போகும். அதுக்குன்னு தனிக் கண்ணாடி உண்டு, இருக்கிறதே தெரியாது, அவ்வளவு தெளிவா இருக்கும். அதைக் கழட்டிட்டாங்க. நாலாவதுல கடைசி வரிசைக்கும் சாய்வு சீட்டு போட்டாங்கல்ல, மெஷின் சத்தம் கேக்குதாம். வாசல் முகப்புக்கு வாங்கினதுல மீந்த கண்ணாடிய வச்சு அடைச்சிட்டாங்க. ரெட்டைக் கண்ணாடி, நடுவுல வெயில் படலம். வெயிலைத் தடுக்கிற கண்ணாடி படத்தை மட்டும் விட்டுடுமா?"

"யார் அப்படிச் செஞ்சது?"

"உள் அலங்காரம் பண்ணவர். முதலாளியோட சம்பந்தி. பொண்ணைக் கொடுத்த இடம். யாரு போய் சொல்றது?"

சொல்லியிருக்கிறார். போனில் படம் காட்டினார். புரொஜெக்டர் அறைக் குறிப்புப் புத்தகத்தின் பக்கங்கள். திறப்புக்கு முந்தைய சோதனை ஓட்டத்திலிருந்தே, பிப்ரவரி 20 முதல் பதினொரு பதிவுகள், எல்லாம் ஒரே நீல மையில்: "அரங்கு 4. ஜன்னல் கண்ணாடி மாற்றியதால் ஒளி குறைவு. எழுத்துகள் இரண்டாகத் தெரிகின்றன. மேலாளரிடம் சொன்னேன்." என் செய்தி வந்த மறுநாள் முதல் அந்தப் புத்தகத்தைக் காணவில்லையாம்.

எழுந்து நின்றார். "ரெண்டு ரெண்டா தெரிஞ்சிருக்குமே சார், கடைசில பேரு ஓடறப்ப. நீங்க பாக்கலியா?"

பார்த்தேன். மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று எழுதிவைத்தேன்.

போகும்போது வாசலில் திரும்பினார். "எங்க நாத்தனார் உங்க செய்தியைக் கட்டிங் எடுத்து ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்காங்க. தண்ணி எடுக்கப் போறப்பெல்லாம் படிக்கலாம். உங்க எழுத்துக்கு எங்க வீட்ல அவ்வளவு மதிப்பு."

மார்ச் 15, சனி

முப்பத்தொரு வருஷம். ஒரு கேள்வி கேக்கத் தோணலியே எனக்கு.

மார்ச் 17, திங்கள்

சின்னவரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஆதாரம் என்ன சார்?" என்றார்.

குறிப்புப் புத்தகப் படங்கள்.

"வேலையை விட்டு அனுப்பின ஆள் காட்டின படம். அப்புறமா அவங்களே எழுதிக்கிட்டதுன்னு சொல்லிடுவாங்க. தியேட்டர்ல கேட்டீங்களா?"

மேலாளரிடம் காலையிலேயே கேட்டிருந்தேன். "கண்ணாடி பிரமாதமான கண்ணாடி சார், வெளிநாட்டுச் சரக்கு. அந்தம்மா வெளிய போய் என்னென்னவோ பேசறாங்க" என்றார். புரொஜெக்டர் அறைக்கு வந்து பார்க்கிறேன் என்றதற்கு, பாதுகாப்பு விதி என்றார். 4-ஆம் தேதி அந்த விதி இல்லை.

"அப்போ நீங்க சொல்ற மங்கலுக்கு உங்க கண்ணு மட்டும்தான் சாட்சி" என்றார் சின்னவர். மரியாதையாகத்தான் சொன்னார்.

மார்ச் 18, செவ்வாய்

கண் மருத்துவர் என் வயதுக்காரர். இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, முகவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, நெடுநேரம் பார்த்தார்.

"இடது கண்ணுல புரை நல்லா முத்தியிருக்கு. வலதுல ஆரம்பம். எத்தனை நாளா இப்படி?"

"எப்படி?"

"எல்லாம் பழுப்பா, டீ டம்ளருக்குள்ளேருந்து பாக்கிற மாதிரி."

"எனக்கு அப்படித் தெரியலையே."

"தெரியாது. கொஞ்சம் கொஞ்சமா வர்றது. உலகமே அப்படித்தான் இருக்குன்னு நெனச்சுக்குவீங்க."

சினிமாத் திரை மங்கலாகத் தெரியுமா என்று கேட்டேன். சிரித்தார். "சார், உங்களுக்கு இந்த ரூமே மங்கலாத்தான் தெரியணும்."

எழுத்து இரண்டாகத் தெரியுமா? "தெரியலாம். சிலருக்கு."

அறுவை செய்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை, தேதி சொல்லுங்கள் என்றார். நான் பயந்தது அதற்கில்லை.

மார்ச் 19, புதன்

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

படம் மங்கல் என்றேன் — என் கண்ணே மங்கல். எழுத்து இரட்டை — என் கண்ணே இரட்டை. என் கண் கெட்டது என்று எழுதினால், மேலாளர் அந்த வரியை எடுத்து வாசலில் தொங்கவிடுவார்: குருட்டு நிருபர் சொன்னது, எங்கள் அரங்கில் ஒரு குறையும் இல்லை. கண்ணாடி அப்படியே இருக்கும். குறையே இல்லாத இடத்தில் புகார் எழுதியவர் என்று ஆபரேட்டர் அம்மாவின் பதினொரு பதிவும் பொய்யாகிவிடும்.

எழுதாவிட்டால் என் கண் யாருக்கும் தெரியாது. அவர் அலட்சியக்காரர், அது மட்டும் நிற்கும்.

அவரும் தவறாகப் பார்த்திருந்தால்?

இல்லை. இப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருக்கிறது, அதனால்தான் நினைக்கிறேன்.

மார்ச் 20, வியாழன்

ஆபரேட்டர் அம்மாவுக்குப் போன் செய்து கண் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப நீங்க பாத்தது எதுவும் செல்லாதா சார்?"

"என் கண்ணை வச்சு எதையும் சொல்ல முடியாது."

"மீட்டர் வச்சு?"

"உள்ள விட மாட்டேங்கிறாங்களே."

"ரூமுக்குள்ள எதுக்கு? டிக்கெட் எடுத்துட்டு சீட்ல உக்காருங்க. படத்துக்கு முன்னாடி 'செல்போனை அணைக்கவும்'னு ஒரு ஸ்லைடு வரும். முழு வெள்ளை, நடுவுல கறுப்பு எழுத்து. எட்டு செகண்ட். ஆறு தியேட்டர்லயும் அதே ஸ்லைடு. நாலுக்கும் அஞ்சுக்கும் ஒரே அளவு திரை, ஒரே மெஷின், விளக்கும் ஒரே நாள்ல நான்தான் மாத்தினேன். அஞ்சாவதுல பழைய ஜன்னல் கண்ணாடி அப்படியே இருக்கு. ரெண்டையும் அளந்தா வித்தியாசம் கண்ணாடிதான்."

பிறகு, "மீட்டருக்குப் பேட்டரி போட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

மார்ச் 23, ஞாயிறு

மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் என்னோடு ஒரே நாளில் இரண்டு படத்துக்கு வந்தது இதுதான் முதல் தடவை. இரண்டிலும் முதல் பத்து நிமிடம்தான்.

எதற்கு அளக்கிறோம் என்று மட்டும் சொன்னேன். எழுத்து விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் தேடுவாள். மீட்டர் அவள் கையில். என்ன எண் வந்தாலும் அவளே படித்து அவளே எழுத வேண்டும், நான் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது என்பது அவள் போட்ட விதி. "பரிசோதனைக் கூடத்துல நோயாளியே ஸ்லைடு பாக்கிறது கிடையாது."

முதலில் நான்காம் அரங்கு. விளம்பரங்கள் முடிந்து வெள்ளை வந்தது. மீட்டரின் சின்னத் திரை அவள் கையில் ஒளிர்ந்ததும் டார்ச்சோடு ஒருவர் வந்துவிட்டார்.

"அம்மா, செல்லை அணைக்கச் சொல்லிப் போட்டிருக்குல்ல?"

"அதைத்தாங்க அளந்துட்டிருக்கேன்."

அவர் என்ன நினைத்தாரோ, போய்விட்டார். இவள் எழுதிக்கொண்டாள். பிறகு என் பக்கம் சாய்ந்து கேட்டாள்:

"ஏங்க, அதென்ன எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டா இருந்துச்சு? அச்சு நகந்த நோட்டீஸ் மாதிரி?"

சட்டென்று அவள் பக்கம் திரும்பினேன்.

"உனக்கும் தெரிஞ்சுதா?"

"ஏன், தெரியக் கூடாதா?"

வெளியே வந்து ஐந்தாம் அரங்குக்கு டிக்கெட் எடுத்தோம். அதே ஸ்லைடு, அதே வெள்ளை. "இங்க ஒண்ணாத்தான் இருக்கு" என்றாள். எனக்கும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

வராந்தாவில் நின்று தாளைக் கொடுத்தாள். இருக்க வேண்டிய வெளிச்ச அளவு 48. ஐந்தாம் அரங்கு 43. நான்காம் அரங்கு 21. ஒவ்வொன்றுக்கும் கீழே நேரமும் இருக்கை எண்ணும். இவள் கையெழுத்தும் போட்டிருக்கிறாள்.

அன்றைக்கு என் கண் ஒன்றைச் சரியாகத்தான் பார்த்தது. அந்த ஒன்றைத்தான் நான் நம்பவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

சின்னவர் தாளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். தியேட்டர் மேல் புதுச் செய்தியாகவே போடலாம் என்றார். சம்பந்தி, மீந்த கண்ணாடி, காணாமல் போன புத்தகம். "இது போன தடவையைவிடச் சூடு சார். ஆபரேட்டர் விஷயத்துக்குக் கீழ ஒரு நாலு வரி திருத்தம் போட்டுடலாம்."

"அதே பக்கம், அதே இடம், அதே அளவு. முதல் வரியே நான் தப்பா எழுதினேன்னு வரணும்." எழுதிக் கொண்டுபோயிருந்த திருத்தத்தை நீட்டினேன்.

"தப்பு சரி. கண்ணு எதுக்கு? அந்த மூணு வரியை எடுத்துடுங்க. முப்பத்தொரு வருஷமா நீங்க எழுதின அத்தனையையும் திரும்பிப் பாப்பாங்க."

"பாக்கட்டும்."

"உங்களுக்காகச் சொல்றேன் சார்."

எனக்காகத்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும். இவருடைய அப்பாவாக இருந்தால் வெட்டி எறிந்திருப்பார். இவர் பேனாவை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"கண்ணை மறைச்சா, மீட்டர் இல்லாம ஏன் எழுதினேன்னு சொல்ல முடியாது. என் கண்ணு போதும்னு நெனச்சேன், அதான் காரணம். அதைச் சொல்லாம அந்தம்மா மேல போட்ட பழியை எப்படி எடுக்கறது?"

"அறுவை முடியறவரைக்கும் சினிமாப் பக்கத்தை வேற ஆள்கிட்ட கொடுத்துடறேன்" என்றார் கடைசியில்.

சரி என்றேன்.

மார்ச் 28, வெள்ளி

வந்துவிட்டது. மூன்று பத்தி. ஒரு வார்த்தையும் வெட்டவில்லை.

காலையிலிருந்து போன். ஒரு பழைய வாசகர், இனி என் கட்டுரையைப் படிக்கப் போவதில்லை என்று பொறுமையாக விளக்கினார். இன்னொருவர் தனக்கும் புரை இருக்கிறது, எந்த மருத்துவர் என்று கேட்டார்.

மாலையில் ஆபரேட்டர் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"படிச்சேன் சார்."

"உங்க நாத்தனார்?"

"அவங்களும் படிச்சாங்க. இதை ஒட்டல. ஃபிரிட்ஜ்ல இடமில்லையாம்."

சிரிப்பா இல்லையா என்று தெரியவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். "எழுதிட்டீங்கள்ல சார்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அது அவர் இஷ்டம்.

ஏப்ரல் 4, வெள்ளி

மேலாளர். "கண்ணாடி மாத்தியாச்சு சார். வந்து பாருங்க, ஜொலிக்குது."

"அந்தம்மாவைத் திரும்பக் கூப்பிட்டீங்களா?"

"அந்த வேலைக்கு ஆள் எடுத்தாச்சே சார்."

"அவங்க மேல தப்பு இல்லைன்னு வந்துடுச்சே."

"தப்பில்லைன்னு நாங்களும் ஒத்துக்கறோம் சார். அது வேற, இது வேற." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நானும் சம்பளக்காரன் சார். புத்தகத்தைப் படமெடுத்து வெளிய கொடுத்தவங்களை மறுபடி உள்ள விடுன்னு நான் போய்ச் சொல்ல முடியுமா?"

ஒரு கண்ணாடியை மாற்ற ஒரு வாரம் பிடித்தது. என் வரி ஒருவரை வெளியே அனுப்ப நான்கு நாள்.

ஏப்ரல் 7, திங்கள்

வேறு இரண்டு அரங்குகளில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பேசட்டுமா என்று ஆபரேட்டர் அம்மாவிடம் கேட்டேன்.

"வேணாம் சார். யாருக்கும் போன் பண்ணாதீங்க. 'பேப்பர்காரர் அனுப்பின ஆளு'ன்னு உள்ள போனா, நாளைக்கு ஒரு பல்பு போனாக்கூட வாய் திறக்க முடியாது. ரெண்டு பேப்பர் கட்டிங்கும் எங்கிட்ட இருக்கு. கேட்டா ரெண்டையும் காட்டறேன்."

இரண்டையும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அறுவை முடிந்து இடது கண்ணில் கட்டு. எழுத்து கோணலாகப் போகிறது. நாளை பிரிப்பார்கள்.

ஏப்ரல் 23, புதன்

கட்டைப் பிரித்தார்கள். முதலில் தெரிந்தது மருத்துவரின் மேலங்கி. அப்படி ஒரு வெள்ளையைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஹால் சுவர். வெள்ளை. சுத்தமான வெள்ளை. வலது கண்ணால் பார்த்தால் சந்தனம், இடது கண்ணால் பார்த்தால் வெள்ளை. மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். கேலி செய்வாள் என்று காத்திருந்தேன்.

"பெயிண்டர் நம்பர் என்கிட்ட இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

பேசினேன். அவருக்கு என்னை நினைவிருந்தது. நன்றாகவே.

மே 12, திங்கள்

ஆபரேட்டர் அம்மாவிடமிருந்து செய்தி வந்தது: "சார், புது இடத்துல சேர்ந்துட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கிற ரெண்டு தியேட்டர். வீட்லேருந்து ஒன்றரை மணி நேரம். கண்ணு சரியானதும் படம் பாக்க வாங்க. டிக்கெட் எடுத்துட்டு வாங்க."

மே 17, சனி

போனேன். சினிமாப் பக்கம் இன்னும் வேறு ஆளிடம்தான் இருக்கிறது. சும்மா பார்க்கத்தான் போனேன். மீட்டரை எடுத்துப் போனேன், பேட்டரியைச் சரிபார்த்துவிட்டு.

அந்த அரங்கைப் புதுப்பித்துப் பல காலம் ஆகியிருக்கும். என் இருக்கையின் கைப்பிடி ஒரு பக்கம் இல்லை, உறை கிழிந்து பஞ்சு வெளியே தெரிந்தது. கழிப்பறைக்குப் போகும் வழியில் தரை உடைந்து, மேலே ஒரு பலகை போட்டிருக்கிறார்கள். பாதி இருக்கை காலி. 2.15 காட்சி, சாதாரணப் படம்.

விளக்கு அணைந்தது. திரையின் இரண்டு ஓரத்திலும் கறுப்புத் துணி நகர்ந்து வந்து படத்தின் அளவுக்குச் சரியாக நின்றது. புது வளாகத்தில் அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். அறிவிப்பு ஸ்லைடில் அளந்தேன். 47. பிறகு மீட்டரைப் பைக்குள் போட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தேன். ஒரு கிழவர் இருட்டு அறையில் உட்கார்ந்திருக்கும் காட்சி ஒன்று வந்தது. அவர் கையில் இருந்த டம்ளரின் விளிம்பு வரை தெரிந்தது.

பெயர்ப் பட்டியல் முழுவதும் ஓடி முடியும்வரை எழுந்திருக்கவில்லை. எழுத்துகள் ஒன்றாகவே இருந்தன. படம் முடிந்தது 4.35.

மாடிப்படி ஏறினேன். புரொஜெக்டர் அறைக் கதவு சாத்தியிருந்தது. மணி 4.47. தட்டினேன்.

"யாரு?"

சொன்னேன்.

உள்ளே எதையோ ஸ்டாண்டில் வைக்கும் ஓசை.

"ஒரு நிமிஷம் இருங்க சார். அடுத்த ஷோ த்ரீடி, பிளேட் மாட்டிட்டிருக்கேன்."

சரி என்று சொல்லி, படியிலேயே நின்றேன்.